அந்தத் தட்டைப் பிள்ளைகளிடம் விடுங்கள்

கோலாலம்பூர் பொது நூலகங்களை நடத்துகிறவர்களுக்கும், அவற்றுக்குத் தமிழ் நூல்களைத் தேர்ந்து கொடுக்கும் ஆலோசகர்களுக்கும்,

வணக்கம்.

புதிய கட்டடம் கேட்டு இந்த மடலை எழுதவில்லை. கணினி, மெத்தை நாற்காலி எதுவும் வேண்டாம். உங்கள் நூலகத்தில் தமிழ் நூல்கள் இருக்கும் பகுதியில், நிற்கிற ஆளின் கண்ணுக்கு நேரே வரும் ஒரே ஓர் அலமாரித் தட்டு வேண்டும். அதில் எந்த நூலை அட்டை தெரிய நிறுத்துவது, எந்தத் திரைப்படத்தைப் பார்க்கச் சொல்வது, கீழே என்ன எழுதி ஒட்டுவது என்பதையெல்லாம் பதின்ம வயதுப் பிள்ளைகளும் உங்கள் முகப்பில் நிற்கும் ஊழியர்களும் முடிவு செய்ய வேண்டும். அந்தத் தேர்வில் நீங்களும் தலையிட வேண்டாம், நானும் தலையிட மாட்டேன்.

இதை நேரில் கேட்டபோது, "கடிதமாகக் கொடுங்கள்" என்றார்கள். மலாயில் எழுதிக் கொடுத்தாயிற்று. தமிழில் ஊரறிய எழுதுவதற்குக் காரணம் உண்டு. தமிழ் அலமாரியில் என்ன இருக்கலாம் என்று அதிகாரிகளுக்கு யோசனை சொல்கிறவர்கள் நம்மவர்கள். அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

நான் இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். செந்தூலில் என் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமை பிற்பகல்களில் முதலாம் படிவம் முதல் ஐந்தாம் படிவம் வரை படிக்கும் பிள்ளைகள் சிலர் கூடுகிறார்கள். படித்ததையும் பார்த்ததையும் பற்றிப் பேசுவோம். பேச்சைவிடச் சண்டை அதிகம். நான் இங்கே சொல்கிறவற்றில் பெரும்பகுதி அவர்களிடம் கற்றது.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிகிற வரை ஒரு பிள்ளை நாள்தோறும் தமிழ் எழுத்தைப் பார்க்கிறது. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தமிழ் ஒரே ஒரு பாடமாகச் சுருங்கிவிடுகிறது. அந்தப் பாடமும் எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் தமிழ் வகுப்புக்கு ஏற்பாடு. பதினைந்தாவது கையெழுத்தைத் தேடி அடுக்குமாடிக் குடியிருப்புகளின் படிக்கட்டுகளில் ஏறி இறங்கிய ஆசிரியர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர், நானும் ஏறியிருக்கிறேன். வகுப்பு கிடைத்துவிட்டாலும், ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்பிஎம் தேர்வுக்கு இலக்கியம் எடுக்கிறவர்கள் பாடநூலாக வைக்கப்பட்ட நாவலைப் படிப்பார்கள். எடுக்காதவர்கள் பெரும்பாலும் அதையும் படிப்பதில்லை. தமிழ் பிடிக்காமல் யாரும் விலகவில்லை. பதிமூன்று வயதுக்குப் பிறகு அவர்களிடம் ஒரு தமிழ்ப் புத்தகத்தை நீட்ட ஆளில்லை.

நூலகத்துக்குப் பதினைந்து கையெழுத்து தேவையில்லை. ஒரு பிள்ளை வந்தாலும் கதவு திறந்திருக்கிறது. பள்ளியைவிட உங்களிடம் எனக்கு நம்பிக்கை அதிகம் என்றால் அது இதனால்தான்.

ஆனால் அந்த ஒரு பிள்ளை உள்ளே வந்து பார்ப்பது என்ன? நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்புமுறையில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. சங்கப் பாடல்களுக்கான உரையும், எழுபதுகளில் பைண்டு செய்த தொடர்கதையும், போன வருடம் கிள்ளானில் வெளியிடப்பட்ட சிறுகதைத் தொகுப்பும் இந்த ஒரே எண்ணின் கீழ்தான் வரிசையில் நிற்கின்றன. எண்ணின் மீது குற்றமில்லை. பொருளைச் சொல்வதுதான் அதன் வேலை. யாருடைய வயதுக்கு எது என்று அது சொல்லாது. சிறுவர் பகுதியில் முயலும் ஆமையும் இருக்கின்றன. பெரியவர் பகுதியில் சோதிடமும் சமையலும் நன்கொடையாக வந்த பக்தி நூல்களும் இருக்கின்றன. பதினான்கு வயதுக்காரி இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிறகு கைப்பேசியை எடுத்துவிடுகிறாள்.

தேடி எடுக்கலாமே என்பீர்கள். நான் போய்வரும் ஒரு நூலகத்தின் பட்டியலில் தமிழ்த் தலைப்புகள் உரோமன் எழுத்தில் மட்டுமே பதிவாகியிருக்கின்றன. 'ழ' வரும் தலைப்பை எப்படித் தேடுவது? 'எல்' போட்டா, 'இஸட் எச்' போட்டா? நூலகர்கள் பின்பற்றும் பன்னாட்டு எழுத்துப்பெயர்ப்பில் எல்லுக்குக் கீழே ஒரு கோடு வரும். அந்தக் கோட்டைக் கைப்பேசி விசைப்பலகையில் தேடி எடுக்க எந்தப் பிள்ளைக்குப் பொறுமை இருக்கிறது? தமிழ் எழுத்திலும் தலைப்பைப் பதிந்தால் பாதித் தொல்லை தீரும். அது தனி வேலை, நாளாகும் என்று தெரியும். தட்டுக்கு அவ்வளவு நாள் ஆகாது.

நூலகவியலில் பட்டம் வாங்கிய நீங்கள் அரங்கநாதனைப் படித்திருப்பீர்கள். சீர்காழிக்காரர், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்துகொண்டு 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை உலகத்துக்குக் கொடுத்தவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாம் விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. இரண்டாம் விதிக்கு நீங்கள் பணம் செலவிடுகிறீர்கள். மூன்றாம் விதிக்கு ஓர் ஆள் வேண்டும். "இதை எடு, உனக்குப் பிடிக்கும்" என்று சொல்லும் ஆள்.

நமக்குப் பரிந்துரைகளுக்குப் பஞ்சமில்லை என்பதும் உண்மை. எந்த இலக்கிய விழாவுக்குப் போனாலும் இளையோர் படிக்க வேண்டிய நூல்கள் என்று ஒரு பட்டியலை வாசிப்பார்கள். நானும் வாசித்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் உள்ளவை நல்ல நூல்கள்தாம். அறுபது வயதுக்காரர் தம் பதினைந்தாவது வயதில் படித்தவை அவை. அல்லது படித்ததாக இப்போது நினைப்பவை. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கைதட்டி முடிந்ததும் அதில் ஒரு பெயரும் நினைவிலிருப்பதில்லை.

பிள்ளைகளிடம் எழுதச் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் நன்றாக வரவில்லை. எங்கள் குழுவில் முதல் முறை எழுதிய பரிந்துரைச் சீட்டுகள் எல்லாம் ஒரே அச்சில் இருந்தன. மூன்று வரிக் கதைச் சுருக்கம், கடைசியில் "இக்கதையின்வழி நாம் பெறும் படிப்பினை யாதெனில்" என்று ஒரு வாக்கியம். இதற்குப் பள்ளிப் பழக்கம்தான் காரணம். தொண்ணூறுகளின் இறுதியில் கல்வி அமைச்சு கொண்டுவந்த நிலாம் வாசிப்புத் திட்டத்தில், பிள்ளை ஒரு நூலைப் படித்தால் சுருக்கத்தையும் படிப்பினையையும் பதிய வேண்டும். முன்பு பதிவுப் புத்தகங்களில் எழுதினார்கள், இப்போது இணையத்தில் பதிகிறார்கள். எண்ணிக்கை ஏறினால் விருது. ஆண்டு இறுதியில் ஒரே மாலையில் இருபது நூல்களைப் பதிந்துவிடும் வல்லவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு.

இத்தனைக்கும் அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் கெட்டிக்காரர்கள். படித்து எண்ணிக்கை சேர்ப்பது 'ஜௌஹாரி' என்ற ஒரு நிலை. 'ராக்கான் பெம்பாச்சா' என்று இன்னொரு நிலையும் அதில் உண்டு: தான் படித்ததை மற்றவருக்குச் சொல்லி அவரையும் படிக்க வைக்கும் வாசிப்புத் தோழன். நான் கேட்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. முதல் நிலையை எண்ணால் அளந்துவிடலாம் என்பதால் பள்ளிகள் அதைப் பிடித்துக்கொண்டன. இரண்டாவதை அளப்பது கடினம். அது பெரும்பாலும் சபையில் பேசும் ஐந்து நிமிட உரையாகச் சுருங்கிப்போனது.

எங்கள் கூடத்தில் மூன்றைத் தடை செய்தேன். கதைச் சுருக்கம் கூடாது. படிப்பினை கூடாது. "அனைவரும் கட்டாயம் படிக்க வேண்டிய நூல்" என்ற வாக்கியம் கூடவே கூடாது. "அப்படியானால் எழுத என்ன இருக்கிறது, டீச்சர்?" என்று ஒருவன் நியாயமாகக் கேட்டான். சில வாரங்கள் வெற்றுச் சீட்டுகள்தாம் வந்தன. பிறகு ஒரு மூன்றாம் படிவ மாணவி இப்படி எழுதினாள்: "முதல் இருபது பக்கம் தாத்தா பேசிக்கொண்டே இருப்பார். பொறுத்துக்கொள். பிறகு அவரைப் பேச விடமாட்டார்கள்." அந்த நூல் அன்றைக்கே கைமாறிப் போனது. "அம்மாவுடன் சண்டை போட்ட நாளில் இதைப் படிக்காதே" என்றது இன்னொரு சீட்டு. அதைப் பார்த்தவர்கள் வேறு எந்த நாளில் படிப்பார்கள்? எனக்கு மிகவும் பிடித்தது ஓர் எதிர்ச்சீட்டு: "எனக்குப் பிடிக்கவில்லை. என் தங்கைக்குப் பிடித்திருக்கிறது. படித்துவிட்டு எங்களில் யாருக்குப் புத்தி குறைவு என்று சொல்லவும்." இப்படி ஒரு வரியை எந்த ஆலோசனைக் குழுவும் எழுதாது. எழுதினாலும் அதை அச்சுக்கு அனுப்ப மூன்று கையெழுத்து வேண்டும்.

திரைப்படத்தை ஏன் இதில் சேர்க்கிறேன் என்று கேட்கலாம். பிள்ளைகள் அங்கிருந்துதான் வருகிறார்கள். அவர்கள் நிற்கும் இடத்திலிருந்துதான் கையைப் பிடித்துக் கூட்டிவர முடியும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் போட்டு முடிக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு இது பாட நூலில் கடந்துபோன ஒரு வரி. ஒரு நான்காம் படிவ மாணவன், 1957இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலப் படத்தை அப்பாவுடன் பார்த்திருக்கிறான். அந்தப் படம் பிரிட்டிஷ் போர்க்கைதிகளையும் ஜப்பானியத் தளபதியையும் சுற்றி ஓடுகிறது. அதே பாதையைப் பற்றி மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஒருவர் எழுதிய நாவலை அவனிடம் கொடுத்தேன். அவன் எழுதிய சீட்டு: "முதலில் படத்தைப் பார். அதில் நம் ஆட்கள் எங்கே என்று தேடு. பிறகு இந்தப் புத்தகத்தை எடு." பதினாறு வயதுப் பையன் எழுதியது. நான் அந்தப் போரைப் பற்றி எத்தனையோ வகுப்பில் பேசியிருக்கிறேன். ஒரு நாளும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

படத்தைத் திரையிடச் சொல்லவில்லை. பொது இடத்தில் திரையிட உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பது தெரியும். அது வீண் அலைச்சல். குறுவட்டு வாங்கி அடுக்கவும் வேண்டாம். அதைப் போட்டுப் பார்க்கும் கருவி இன்று எத்தனை வீட்டில் இருக்கிறது? படத்தின் பெயரும், அதன் பக்கத்தில் ஒரு நூலும் போதும். படத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நூலைத்தான் நீங்கள் தர முடியும்.

"பொருந்தாத படத்தைப் பரிந்துரைத்துவிட்டால்?" என்று ஓர் அதிகாரி கவலைப்பட்டார். கவலை நியாயம். அதற்கென்றே அரசாங்கத் தணிக்கை வாரியம் இருக்கிறது. 2023இன் இறுதியில் படங்களின் வயதுத் தரப்பிரிவுகள் திருத்தப்பட்டு, யு, பி12, 13, 16, 18 என்று ஐந்தாகிவிட்டன. தட்டில் 13 வரைக்கும் என்று கோடு போடுங்கள், வாதம் முடிந்தது. நூல்களுக்கு அப்படித் தரப்பிரிவு இல்லை, ஆனால் எல்லா நூலும் நீங்கள் வாங்கி வைத்தவைதாம். உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் எந்தப் பிள்ளையும் இன்றைக்கே அவற்றைப் புரட்டிப் பார்க்கலாம். ஓர் ஊழியர் ஒரு முறை படித்துவிட்டுத் தட்டில் வைக்கட்டும். ஒன்று சொல்கிறேன், நம்புவது கடினம்: இந்தப் பிள்ளைகள் நம்மைவிட ஒழுக்க வீரர்கள். ஒரு நல்ல சிறுகதையை, அதில் ஒரு கெட்ட வார்த்தை வருகிறது என்பதற்காகப் பரிந்துரைக்க மாட்டேன் என்று ஒருத்தி பிடிவாதம் பிடித்தாள். கதைக்காக வாதாடியது நான்.

பதின்ம வயதினருக்கென்று தமிழில் எழுதப்பட்ட நூல்களே குறைவு, தட்டை எதனால் நிரப்புவது என்பது அடுத்த தடை. இதை எழுப்புகிறவர்கள் பெரும்பாலும் நம் ஆலோசகர்கள். அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் சேவைப் பிரிவு 1998 முதல் அலெக்ஸ் விருதுகள் என்று ஒன்று வழங்குகிறது. ஆண்டுதோறும் பத்து நூல்கள். பத்தும் பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை, ஆனால் 12 முதல் 18 வயதினரை இழுக்கக் கூடியவை. பால்டிமோர் நகரத்துப் பொது நூலகத்தில் இளையோருக்காகவே உழைத்த மார்கரெட் அலெக்சாண்டர் எட்வர்ட்ஸ் என்ற நூலகரின் பெயரால் வந்த விருது. 1940களில் குதிரை வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போன அம்மையார் அவர். இளையோர் நூல்கள் மலைபோல் குவியும் ஆங்கிலத்திலேயே பெரியவர் அலமாரியிலிருந்து எடுத்துக்கொடுக்க ஒரு விருது தேவைப்படுகிறது என்றால், நமக்கு ஏன் கூச்சம்? அதே பிரிவு நடத்தும் 'டீன்ஸ் டாப் டென்' பட்டியலில் முன்மொழிவதும் வாக்களிப்பதும் பதின்ம வயதினரே என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

தமிழின் பலம் சிறுகதை. செந்தூல் தீமோரில் எல்ஆர்டி ரயில் ஏறினால் மஸ்ஜித் ஜாமெக் போய்ச் சேர்வதற்குள் ஒரு கதை முடிந்துவிடும். பள்ளிப் பாடத்துக்கு நடுவே நாவலுக்கு நேரமில்லாத பிள்ளைக்கு அது அளவானது. மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்கள் உண்டு, தொழிற்சாலை இரவு வேலைக்குப் போகும் அம்மாக்கள் உண்டு, வகுப்பறையில் பின்வரிசைப் பிள்ளை உண்டு. இவை இவர்கள் அறிந்த வீடுகள். யாராவது அந்த ஒரு கதையின் பக்கத்தைத் திறந்து, "இதை மட்டும் படி, மற்றவை இருக்கட்டும்" என்று சீட்டு வைத்தால் போதும். தொகுப்பு முழுவதையும் பரிந்துரைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அப்படிப்பட்ட நூல்கள் எங்கே போய்விடுகின்றன என்பதும் நமக்குத் தெரியும். எழுத்தாளர் சொந்தக் காசில் அச்சிடுகிறார், மண்டபத்தில் வெளியிடுகிறார், வந்தவர்கள் மொய் எழுதுவதுபோல் உறையைக் கொடுத்து நூலை வாங்கிப்போகிறார்கள். பிறகு அது வரவேற்பறைக் கண்ணாடிக்குள் போகிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சு நூல்களில் ஐந்து படிகள் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும்; அவை பாதுகாப்புக்கு. பிள்ளை புரட்டுவதற்கான படியை உங்கள் கிளை நூலகம்தான் வாங்க வேண்டும். தமிழ் நூல்களுக்கு நீங்கள் ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கைப் பிள்ளைகளின் தேர்வுக்கு விடுங்கள். ஓர் ஊழியரை அவர்களுடன் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா கடைகளுக்கு ஒரு காலை அனுப்புங்கள். அவர்கள் தேர்ந்தெடுப்பதில் பேய்க் கதை இருக்கும். பேயும் தமிழ்தான் பேசுகிறது, விடுங்கள்.

ஊழியர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முகப்பில் நிற்பவருக்குத் தமிழ் தெரியாதே என்கிறீர்கள். தெரிய வேண்டாம். ஒரு நூலகத்தில் மலாய் ஊழியர் ஒருவர், ஆர்டிஎம் தொலைக்காட்சியில் மலாய்ச் சப்டைட்டிலோடு தமிழ்ப் படம் பார்த்தே வளர்ந்தவர். எங்கள் பையன் ஒருவன் எஸ்பிஎம் பயிற்சி நூலைத் திருப்பிக் கொடுக்கப் போனவன், அவருடன் ஒரு படத்தில் வரும் அப்பாவைப் பற்றி வெகுநேரம் வாதாடியிருக்கிறான். அந்த அப்பாவைப் போலவே ஒருவர் ஒரு மலாய் நாவலில் வருகிறார் என்று சொல்லி அதை எடுத்துக் கொடுத்தார் அந்த அம்மையார். பையன் படித்தான். மறுவாரம் அவருக்கு ஒரு தமிழ்க் கதையை மலாயில் சொல்லிக் காட்டினான். தமிழ் ஆர்வலர்கள் இதற்கு முகம் சுளிக்கலாம். தமிழ் வாத்தியாரான எனக்கு வருத்தமில்லை. அந்த ஊழியரின் சீட்டு மலாயில் இருக்கட்டும், தமிழ்த் தட்டிலேயே இருக்கட்டும்.

ஆனால் அவர் அதைப் பயந்துகொண்டுதான் செய்தார். பரிந்துரைப்பது தம் பணிப்பட்டியலில் இல்லை என்றார். முகப்பில் உட்கார்ந்து ஓர் ஊழியர் புத்தகம் படித்தால் சோம்பேறி என்று நினைக்கும் இடமாக நூலகம் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் புரியாத விசித்திரம். பரிந்துரைப்பதும் பணிதான் என்று எழுத்தில் ஒரு வரி கொடுங்கள். மாதம் ஒரு மணி நேரம், பணி நேரத்தில், தட்டுக்காகப் படிக்க விடுங்கள்.

யுனெஸ்கோ இந்த நகரத்தை 2020ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகராக அறிவித்திருந்தது. ஏப்ரல் 23இல் அந்த ஆண்டு தொடங்கியபோது நாமெல்லாம் நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டுக்குள் இருந்தோம். பாவம், யார் மீதும் பழியில்லை. அன்றைக்குத் தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டில் இருந்த பிள்ளைகள் இப்போது இடைநிலைப்பள்ளிக்கு வரும் வயது. அவர்கள்தாம் இந்தத் தட்டுக்கு முன்னால் நிற்கப் போகிறவர்கள்.

சீட்டுகளில் எழுத்துப் பிழை இருக்கும் என்று ஆலோசகர் ஒருவர் எச்சரித்தார். ஒட்டுவதற்கு முன் ஒற்றுப் பிழைகளை நான் திருத்திவிடுவேன். வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை அது. கருத்தில் கை வைக்க மாட்டேன். நீங்களும் வைக்காதீர்கள். பிள்ளையின் முழுப் பெயரும் பள்ளியும் வேண்டாம்; முதலெழுத்தும் படிவமும் போதும்.

மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். பிறகு உங்கள் இரவல் கணக்கையே எடுத்து, தட்டில் நின்ற நூல்கள் அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் எத்தனை முறை வெளியே போயின, இப்போது எத்தனை முறை போயின என்று ஒப்பிடுங்கள். எண் ஏறவில்லையென்றால் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு சோதிட நூல்களை அங்கே வைத்துவிடலாம். நான் இன்னொரு மடல் எழுத மாட்டேன்.

முதல் மாதத்துச் சீட்டுகள் தயாராக இருக்கின்றன. தட்டு எந்தக் கிளையில் என்று மட்டும் சொல்லுங்கள். பதிலை மலாயில் எழுதினாலும் சரி, பிள்ளைகளே படித்துப் பதில் போட்டுவிடுவார்கள். பள்ளி விடுமுறைக்கு முன்னால் வந்தால் நல்லது. விடுமுறையில்தான் அவர்களுக்கு நூலகம் வர நேரம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்